சீமைப் புட்டியும் மலைக் கொழுந்தும்

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. வயலுக்கும் வாழ்விடத்துக்கும் சொல்லப்படும் இம்மொழி பண்டங்களுக்கும் பொருந்தும். கடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்ற ஒரே காரணத்தால் ஒரு பொருளை உயர்ந்ததென்று கருதும் மனப்பான்மை மலாயாத் தமிழரிடையே மட்டுமன்றித் தமிழகத்திலும் இலங்கையிலும் வேரூன்றியிருந்தது. சீமைத் துணி, சீமை ஓடு, சீமையெண்ணெய், சீமைச் சாராயம் என்று 'சீமை' என்னும் அடைமொழி பெற்ற பொருள்களின் வரிசை நீண்டது. அந்த அடைமொழியே தரத்துக்கு முத்திரையாகக் கொள்ளப்பட்டது.

ஆயினும், சீமையிலிருந்து வந்த பொருள்களுள் ஒன்று, கரை வந்து சேரும்போதே தன் சிறப்பின் ஒரு பகுதியை இழந்துவிடும் இயல்புடையதாக இருந்தது. அதுவே 'பேல் ஏல்' எனப்படும் வெளிர்நிற ஆங்கிலப் பீர். இன்றும் பெரும் விலை கொடுத்து அயல்நாட்டுப் பேல் ஏல் புட்டியைத் திறப்பவர், அதன் புகழுக்கேற்ற மணமும் சுவையும் அதில் இல்லாமை கண்டு ஏமாற்றமடைவது உண்டு. அந்த ஏமாற்றத்தின் பின்னால் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வணிக வரலாறு ஒன்று மறைந்து கிடக்கிறது. மதுவைப் போற்றுவதோ பரிந்துரைப்பதோ இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு பண்டத்தின் சுவை ஏன் வழியிலேயே மடிகிறது, அதை மனிதர் எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது. அவ்வாராய்ச்சிக்குத் தேயிலை விளையும் ரிங்லெட் மலைச்சாரல் பொருத்தமான தொடக்கமாக அமைகிறது.

மலைமேல் ஒரு சிறு இங்கிலாந்து

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் முதலில் எதிர்ப்படும் ஊர் ரிங்லெட். 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதியைக் கண்டறிந்து குறிப்பெழுதினார். எனினும், 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்த பின்னரே இதனை ஒரு மலைவாழிடமாக வளர்க்கும் முயற்சி தொடங்கியது. 1929-இல் ஜே. ஏ. ரசல் என்பவர், இலங்கையில் தேயிலைப் பயிர் அனுபவம் பெற்ற ஏ. பி. மில்ன் என்பாரின் துணையோடு 'போ' தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். காட்டை வெட்டி, சரிவுகளைச் சீர்செய்து, கன்று நட்டு, கொழுந்து எடுத்தவர்களுள் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளரின் பங்கு பெரிது. 1933-இல் பாரத் தேயிலை நிறுவனமும் இம்மலையில் கால்கொண்டது.

சமவெளியின் வெப்பத்துக்கு ஆற்றாத ஆங்கிலேயர், இக்குளிர்ந்த மலையில் தம் தாய்நாட்டின் சாயலைப் படைத்துக்கொள்ள விழைந்தனர். கணப்படுப்பு வைத்த வீடுகள், ரோஜாத் தோட்டங்கள், கோல்ஃப் திடல் ஆகியன தோன்றின. 1937-இல் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையே ஆங்கில நாட்டுப்புற விடுதியின் வடிவிலேயே 'ஸ்மோக்ஹவுஸ்' விடுதி கட்டப்பட்டது. வீட்டின் வடிவத்தைப் பெயர்த்துக் கொண்டுவர முடிந்தது. பூச்செடியைக் கொண்டுவர முடிந்தது. ஆனால், தாய்நாட்டு ஏலின் சுவையை அப்படியே கொண்டுவருதல் மலாயாவில் மட்டுமன்று, ஆங்கிலேயர் குடியேறிய வெப்ப நாடுகள் எவற்றிலுமே எளிதாக இருந்ததில்லை. அந்தச் சிக்கல் கேமரன் மலைக்குச் சாலை போடப்படுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே சென்னையிலும் கல்கத்தாவிலும் தோன்றிவிட்டது.

பேல் ஏல் வந்த வழி

வாற்கோதுமையை முளைகட்டி, உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்த சாற்றை ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவோடு கொதிக்கவைத்து, ஆறிய பின் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கச் செய்வதே ஏல் உண்டாக்கும் முறை. முற்காலத்தில் விறகுப் புகையில் உலர்ந்த தானியம் கருத்துப் புகைநாற்றம் ஏறியிருக்கும். பதினேழாம் நூற்றாண்டில், கோக் எனப்படும் புகையற்ற கரியால் உலர்த்தத் தொடங்கிய பின்னர் வெளிர்நிறத் தானியம் கிடைத்தது. அதிலிருந்து வந்ததே பேல் ஏல்.

கிழக்கிந்தியக் கும்பெனியின் கப்பல்கள் இந்தியாவிலிருந்து திரும்பும்போது துணியும் வாசனைப் பண்டமும் நிறைந்து திரும்பின. போகும்போதோ அவற்றில் இடம் மிஞ்சியிருந்தது. ஆகவே, இந்தியாவுக்குச் செல்லும் சரக்குக்குக் கூலி குறைவு. கப்பல் தலைவர்களும் அலுவலர்களும் தம் சொந்தக் கணக்கில் வணிகம் செய்துகொள்ளக் கும்பெனி இசைவளித்திருந்தது. அவர்கள் பன்றித் தொடை, பாலாடைக் கட்டி, தொப்பி, கண்ணாடிப் பொருள், ஒயின், பீர் முதலியவற்றை வாங்கிச் சென்று சென்னையிலும் கல்கத்தாவிலும் விற்றனர். 1784-இல் கல்கத்தாச் செய்தித்தாளிலேயே பேல் ஏல் விற்பனைக்கு விளம்பரம் வெளிவந்துள்ளது.

இவ்வணிகத்தில் முதலில் முன்னணியில் நின்றவர் லண்டன் அருகே போ என்னுமிடத்தில் 1752-இல் பீர் ஆலை தொடங்கிய ஜார்ஜ் ஹாட்ஜ்சன் குடும்பத்தார். கேமரன் மலைத் தோட்டத்தின் பெயரும் இவ்வூரின் பெயரும் தமிழில் ஒன்றாக ஒலிப்பது தற்செயலே. ஹாட்ஜ்சனின் ஆலை கும்பெனிக் கப்பல்கள் நிற்கும் துறைக்கு அருகில் இருந்தது. அவர் கப்பல் தலைவர்களுக்கு ஓராண்டுக்கும் மேலாகக் கடன் தவணை கொடுத்தார். சுவையால் மட்டுமன்றி, இருப்பிடத்தாலும் கடனாலுமே அவருடைய சரக்கு இந்தியச் சந்தையைப் பிடித்தது. இந்தியாவுக்கென்றே ஒரு புதிய ஏலை அவர் கண்டுபிடித்தார் என்ற கூற்று நெடுங்காலம் நூல்களில் எழுதப்பட்டு வந்தது. அதற்குச் சான்று எதுவும் இல்லை என்பதை ஆங்கிலப் பீர் வரலாற்றாய்வாளர் மார்ட்டின் கார்னெல் எடுத்துக்காட்டியுள்ளார்.

1820-களின் தொடக்கத்தில் ஹாட்ஜ்சன் குடும்பத்தார் பேராசைப்பட்டனர். கடன் தவணையை நிறுத்தி, விலையை உயர்த்தி, கப்பல் தலைவர்களை விலக்கித் தாமே நேரடியாக இந்தியாவில் விற்க முற்பட்டனர். இதனால் மனம் புண்பட்ட வணிகர் வேறு ஆலையைத் தேடினர். அப்பொழுது இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள பர்ட்டன் என்னும் ஊரின் ஆலைக்காரர்கள் ரஷ்யாவின் இறக்குமதி வரியால் தங்கள் பழைய சந்தையை இழந்து வாடிக்கொண்டிருந்தனர். 1822-இல் கும்பெனி இயக்குநர்களுள் ஒருவரான கேம்பல் மார்ஜரிபேங்க்ஸ், பர்ட்டன் ஆலைக்காரர் சாமுவேல் ஆல்சப்பிடம் இந்தியச் சந்தையைப் பற்றி எடுத்துரைத்தார். ஆல்சப்பின் ஆலையில் பணிபுரிந்த ஜாப் குட்ஹெட் என்பவர் அந்த ஏலின் முதல் மாதிரியை ஒரு தேநீர்க் கெண்டியிலேயே செய்து பார்த்தார் என்று அவ்வூரார் கதை சொல்வதுண்டு. மலைத் தேயிலையின் வரலாற்றை எண்ணுவோர்க்கு இக்கதை ஒரு புன்னகையை வரவழைக்கும்.

பர்ட்டனின் கிணற்று நீரில் ஜிப்சம் மிகுதி. அந்நீர் ஹாப்ஸின் கசப்பைத் தெளிவாக வெளிப்படுத்தியது. ஆல்சப்பைத் தொடர்ந்து பாஸ் நிறுவனமும் இந்தியச் சந்தையில் இறங்கிற்று. பாஸின் சிவப்பு முக்கோணமே 1876-இல் பிரிட்டனில் முதன்முதலாகப் பதிவான வணிகக் குறி. 'கிழக்கிந்தியப் பேல் ஏல்' என்னும் பெயர் 1829-இல் சிட்னி நகரத்துச் செய்தித்தாளிலேயே காணப்படுகிறது. இவ்வாறு இந்தியாவின் பெயரைச் சூடிய ஆங்கிலப் பண்டம் ஒன்று உலகெங்கும் சென்றது.

ஆறு மாதக் கடல்வழி

சூயஸ் கால்வாய் 1869 நவம்பரில் திறக்கப்படுவதற்கு முன்னர், இங்கிலாந்திலிருந்து சென்னைக்கு வரும் கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியே வரவேண்டும். நான்கு முதல் ஆறு மாதம் வரை ஆகும். நிலநடுக்கோட்டை இருமுறை கடக்க வேண்டும். குளிரிலிருந்து வெப்பத்துக்கும், வெப்பத்திலிருந்து குளிருக்கும், மீண்டும் வெப்பத்துக்கும் மாறிமாறிப் பீப்பாய்கள் அலையில் ஆடிக்கொண்டே வந்தன.

இப்பயணம் ஏலைக் கெடுக்காமல் மேம்படுத்தியது என்ற புகழுரை உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால், அந்த உண்மை எந்த ஏலுக்கு உரியது என்பதை மறந்துவிடுதல் ஆகாது. அக்காலத்தில் அனுப்பப்பட்டது நெடுநாள் இருப்பு வைப்பதற்கென்றே காய்ச்சப்பட்ட ஏல். அதில் ஹாப்ஸ் மிகுதியாகச் சேர்க்கப்பட்டது. பீப்பாயை மூடும் முன்னும் மேலும் ஒரு பிடி போடப்பட்டது. ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் ஏலைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் பலவற்றைத் தடுக்கும் ஆற்றலுடையவை. சர்க்கரை பெரும்பாலும் தீரும்வரை புளிக்க விடப்பட்டதால் கெடுவதற்கான உணவும் அதில் குறைவு. எல்லாவற்றினும் மேலாக, மரப்பீப்பாய்க்குள் உயிருள்ள ஈஸ்ட் தங்கியிருந்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கிளாவ்சன் என்பவர் 1904-இல் ஆங்கில இருப்பு ஏல்களில் ஒரு தனிவகை ஈஸ்டைக் கண்டு, அதற்குப் 'பிரெட்டனோமைசிஸ்' என்று பெயரிட்டார். பிரிட்டன் நாட்டு நுண்பூஞ்சை என்பது அப்பெயரின் பொருள். இத்தகைய ஈஸ்ட் வழியெல்லாம் மெல்ல வேலைசெய்து, உள்ளே புகும் உயிர்வளியை உண்டு, ஏலுக்கு முதிர்ச்சியைத் தந்தது.

ஆகவே, பயணம் ஏலை உயர்த்தியது என்று சொல்வதைவிட, பயணத்தைத் தாங்குமாறு ஏல் ஆக்கப்பட்டது என்று சொல்வதே பொருந்தும். அப்படி ஆக்கப்பட்டும் எல்லாப் பீப்பாயும் நலமாகக் கரை சேரவில்லை. சில வழியிலேயே கசிந்தன, சில வாயு இழந்து சப்பென்றாகின, சில புளித்தன. நல்ல சரக்குக்கும் கெட்ட சரக்குக்கும் துறைமுக ஏலக்கடையில் விலை வேறுபட்டது. கடல் கடந்ததெல்லாம் சிறந்தது என்ற நம்பிக்கைக்கு அன்றைய வாணிகரே இடம் கொடுக்கவில்லை. அவர்கள் சுவைத்துப் பார்த்தே வாங்கினர்.

பீப்பாயிலிருந்து புட்டிக்கு

நீராவிக் கப்பலும் சூயஸ் கால்வாயும் வந்தபின் பயணக்காலம் வெகுவாகக் குறைந்தது. 1876-இல் லூயி பாஸ்டர் பீர் பற்றிய தம் ஆய்வு நூலை வெளியிட்டு, அதைக் கெடுப்பவை நுண்ணுயிர்களே என்று நிறுவினார். ஏறக்குறைய 60 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் அவை மடியும். 1892-இல் வில்லியம் பெயிண்டர் உருவாக்கிய தகர மூடி, தக்கையின் இடத்தைப் பிடித்தது. இம்மூன்று மாற்றங்களும் சேர்ந்தபோது பீர் கெடும் சிக்கல் தீர்ந்ததென்றே பலர் கருதினர்.

உண்மையில் ஒரு பகையை விரட்டியபோது காவற்காரனும் வெளியேறிவிட்டான். சூடாக்கி வடிகட்டிய புட்டியில் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர் இல்லை. அதே வேளையில் உயிர்வளியை உண்டு தீர்க்கும் ஈஸ்டும் இல்லை. முன்பு புளித்துக் கெட்டது இப்போது புளிக்காமலே பழசாகியது. புளிப்பை நாக்கு உடனே அறிந்துவிடும். பழமையை அது உடனே அறிவதில்லை. குடிப்பவர் "இதுதான் இதன் சுவை போலும்" என்று எண்ணி அமைதியடைந்துவிடுகிறார். இறக்குமதிப் பேல் ஏலின் ஏமாற்றம் பெரும்பாலும் இத்தகையதே.

மலாயாவுக்கு வந்த ஏலும் ஸ்டவுட்டும் இந்தக் காலத்துக்கு உரியன. லண்டனைச் சேர்ந்த ரீட் சகோதரர்கள் நிறுவனம் பாஸ் ஏலையும் கின்னஸ் ஸ்டவுட்டையும் புட்டியில் அடைத்து, நாய்த்தலைப் படம் ஒட்டிக் கீழ்த்திசை நாடுகளுக்கு அனுப்பிற்று. எழுத்தறியாதவரும் படத்தைக் கண்டு சரக்கை இனங்கண்டனர். ஆனால், அந்தப் படம் சரக்கின் குலத்தைச் சொல்லிற்றே தவிர, அதன் வயதைச் சொல்லவில்லை.

சுவையைக் கொல்லும் மூவர்

பேல் ஏலின் சுவையைக் கெடுப்பவை மூன்று: உயிர்வளி, வெப்பம், வெளிச்சம். இம்மூன்றுக்கும் துணைநிற்பது காலம்.

உயிர்வளி முதற்பகை. புட்டியில் அடைக்கும்போது சிறிதளவு காற்று தங்கிவிட்டாலும், மூடியின் விளிம்பு வழியே நாளடைவில் நுழைந்தாலும், அது ஏலின் பொருள்களோடு கூடி வேதிமாற்றம் விளைவிக்கிறது. ஈரப்பட்ட காகித அட்டையை நினைவூட்டும் ஒரு சப்பென்ற வாடை அதில் எழுகிறது. அவ்வாடைக்கு முதன்மையான காரணமாக 1970-ஆம் ஆண்டளவில் இனங்காணப்பட்ட பொருளுக்கு 'டிரான்ஸ்-2-நானினால்' என்று பெயர். ஒரு லிட்டர் பீரில் அது ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே பயின்ற நாக்கு கண்டுகொள்ளும். அதனோடு, ஹாப்ஸின் மலர்மணமும் பழமணமும் மங்குகின்றன. கூர்மையான கசப்பு மழுங்குகிறது. தேனையும் வெந்த சர்க்கரையையும் ஒத்த தித்திப்பு மேலெழுகிறது. கறுத்த ஸ்டவுட்டில் இம்மாற்றம் ஓரளவு மறைந்து நிற்கும். மணத்தையே மூலதனமாகக் கொண்ட பேல் ஏலில் மறைய வழியில்லை. எனவேதான் மற்றப் பீர்களைவிட இது விரைவாக ஏமாற்றமளிக்கிறது.

வெப்பம் இம்மாற்றங்கள் அனைத்தையும் விரைவுபடுத்துவது. பீர்த் தொழிலில் ஒரு தோராயக் கணக்கு வழங்குகிறது. 32 பாகை வெப்பத்தில் 3 நாள் வைப்பதும், 22 பாகையில் 30 நாள் வைப்பதும், 3 பாகையில் 300 நாள் வைப்பதும் ஏறக்குறைய ஒரே அளவு முதுமையைத் தரும் என்பது அக்கணக்கு. வெப்ப நாட்டுத் துறைமுகத்தில் வெயிலில் நிற்கும் இரும்புக் கொள்கலத்தின் உட்புறம் 50 பாகையையும் தாண்டக்கூடும். அங்குக் கழியும் சில நாள்கள், குளிர்ந்த அறையில் கழியும் பல மாதங்களுக்கு ஈடாகிவிடுகின்றன. கடையில் வைத்த பின் குளிரூட்டினாலும் இழந்த மணம் மீளாது.

வெளிச்சம் மூன்றாம் பகை. சூரிய ஒளியும் குழல்விளக்கின் ஒளியும் ஹாப்ஸின் கசப்புப் பொருளைச் சிதைத்து, மூக்கைச் சுளிக்கவைக்கும் கந்தக நாற்றத்தை உண்டாக்கும். பழுப்புநிறப் புட்டி இதைப் பெரும்பாலும் தடுக்கும். பச்சைப் புட்டியும் நிறமற்ற புட்டியும் தடுப்பதில்லை. அழகுக்காகக் கடையின் கண்ணாடி அலமாரியில் விளக்கின்கீழ் நிறுத்தி வைக்கப்படும் புட்டி, அந்த அழகின் விலையைத் தன் சுவையால் செலுத்துகிறது.

பனிக்கட்டியும் மலை ஆலைகளும்

வெப்பமே சுவைக்குப் பகை என்பதை அறிவியல் விளக்கும் முன்னரே ஆங்கிலேயர் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். தொடக்கத்தில் வெடியுப்பு கரைத்த நீரில் புட்டியைச் சுழற்றிக் குளிரவைப்பதற்கென்றே 'ஆப்தார்' என்னும் பணியாளரை வீட்டில் அமர்த்தினர். பின்னர், 1833-இல் அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகர வணிகரான பிரடெரிக் டியூடர், ஏரியில் உறைந்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலில் கல்கத்தாவுக்கு அனுப்பினார். ஏறத்தாழ 180 டன்னில் 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது. 1842-இல் சென்னைக் கடற்கரையில் அவர் கட்டிய பனிக்கட்டிக் கிடங்கே 'ஐஸ் ஹவுஸ்'. 1897-இல் விவேகானந்தர் தங்கிச் சென்றதால் அது இன்று விவேகானந்தர் இல்லமாகப் போற்றப்படுகிறது. பனிக்கட்டிக்குப் பொதிவு போட்டு உலகின் பாதியைக் கடக்கவைத்தவர்கள், அதே கவனத்தைப் பீப்பாய்க்குக் காட்டவில்லை என்பது வியப்புக்குரியது.

கிண்ணத்தில் பனிக்கட்டி போடுவது குடிப்பவரின் தொண்டையைக் குளிர்வித்ததேயன்றி, வழியில் இழந்த சுவையை மீட்கவில்லை. உண்மையான தீர்வு வேறிடத்தில் இருந்தது. பண்டத்தைக் கொண்டுவருவதைவிட அதைச் செய்யும் ஆலையைக் கொண்டுவருவதே அத்தீர்வு. 1855-இல் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் எட்வர்ட் டயர் பீர் ஆலை அமைத்தார். 1860-இல் மர்ரி மலையில் ஓர் ஆலை எழுந்தது. தமிழகத்தின் நீலகிரியில் 1857-இல் காசில் பீர் ஆலை தோன்றியது. இலங்கையின் நுவரெலியாவில் 1881-இல் வணிகமுறை ஆலை இயங்கத் தொடங்கியது. இவையாவும் மலைமீது அமைந்தவை என்பது நோக்கத்தக்கது. குளிர்ந்த காற்றும் தூய நீரும் தேடியே அவை மலையேறின. பின்னர் அதே நீலகிரியிலும் நுவரெலியாவிலும் தேயிலையும் செழித்தது தற்செயலன்று. குளிரையும் மழையையும் இரண்டும் நாடின.

1915-இல் தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் ஐந்து ஆலைகளை ஒன்றிணைத்து யுனைடெட் புருவரீஸ் நிறுவனத்தை உருவாக்கினார். அவற்றுள் முதியது நீலகிரியின் காசில் ஆலை. படைவீரருக்குரிய பீர் பெரும் பீப்பாய்களில் மாட்டுவண்டியேறிச் சென்றது. ஆறு மாதக் கடற்பயணம் சில நாள் வண்டிப் பயணமாகச் சுருங்கிற்று.

மலாயாவிலும் இதுவே நிகழ்ந்தது. 1931-இல் ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனமும் நெதர்லாந்தின் ஹைனக்கன் நிறுவனமும் சேர்ந்து மலாயன் புருவரீஸ் நிறுவனத்தைச் சிங்கப்பூரில் நிறுவின. 1932-இல் அங்கிருந்து டைகர் பீர் வெளிவந்தது. 1960-களில் சுங்கைவேயில் கின்னஸ் ஆலையும், 1972-இல் ஷா ஆலாமில் கார்ல்ஸ்பெர்க் ஆலையும் இயங்கத் தொடங்கின. அயல்நாட்டுப் பெயர் தாங்கிய பண்டம் உள்நாட்டிலேயே உருவாகும் நிலை வந்தது. பெயருக்குக் கடல் கடக்க முடியும். சுவைக்கு முடியாது என்பதை ஆலை முதலாளிகள் நன்கு அறிந்திருந்தனர்.

கொழுந்து சொல்லும் பாடம்

பீர் மேற்கிலிருந்து கிழக்கே சென்ற அதே கடலில், தேயிலை கிழக்கிலிருந்து மேற்கே சென்றது. அதற்கும் முதுமை உண்டு. 1866-இல் சீனாவின் பூசோ துறையிலிருந்து புறப்பட்ட கிளிப்பர் பாய்க்கப்பல்கள், புதிய பருவத் தேயிலையோடு லண்டனை நோக்கிப் போட்டியிட்டு ஓடின. தைபிங், ஏரியல், செரிக்கா என்னும் மூன்று கப்பல்கள் 99 நாள் கடலோடி, செப்டம்பர் 6-ஆம் நாள் ஒரே அலையேற்றத்தில் துறை புகுந்தன. முதலில் வந்த சரக்குக்குக் கூடுதல் விலை கிடைத்தது. புதுமைக்கு விலையுண்டு என்பதை வணிகவுலகம் அறிந்திருந்தமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

தேயிலை உலர்ந்த பண்டமாதலால் பீரைவிட நெடுநாள் தாங்கும். எனினும், ஈரத்தை ஈர்ப்பதும், பக்கத்துப் பொருளின் நாற்றத்தை ஏற்பதும், காற்றுப்பட்டு மணம் இழப்பதும் அதற்கும் உண்டு. உலர்த்தி முடித்த தேயிலையில் ஈரம் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கே இருக்கும். அது இருமடங்குக்கு மேல் ஏறினால் சுவை தளர்ந்துவிடும். ஈயத்தகடு போர்த்திய தேயிலைப் பெட்டிகள் பிறந்தது இதனால்தான்.

தேயிலை ஆலையில் நிகழும் ஒரு செயல் பேல் ஏலின் இரகசியத்தையும் விளக்கிவிடுகிறது. கொழுந்தை வாட்டி, உருட்டி, பரப்பி வைக்கும்போது காற்றிலுள்ள உயிர்வளி அதனுள் புகுந்து பச்சையைச் செம்பாக மாற்றுகிறது. அம்மாற்றமே கறுந்தேயிலையின் நிறத்துக்கும் சுவைக்கும் தாய். ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் அது நிறைவடைந்ததும் சூட்டடுப்பில் இட்டு அதை நிறுத்திவிட வேண்டும். பின்னும் காற்றுப்பட்டால் அதே உயிர்வளி சுவையைத் தின்னும். ஏலின் கதையும் இதுவே. கொதித்து ஆறிய சாற்றில் உயிர்வளி கலந்தால்தான் ஈஸ்ட் பெருகும். புளித்து முடிந்தபின் அதே உயிர்வளி பகையாகும். ஒரே பொருள் உரிய வேளையில் அன்னை. வேளை தப்பினால் கூற்று. எந்த வேளையில் கதவைத் திறப்பது, எந்த வேளையில் மூடுவது என்பதே தேயிலைத் தொழிலுக்கும் பீர்த் தொழிலுக்கும் பொதுவான கலை.

இந்தக் கலையை ஏட்டில் படிக்காமல் கையால் அறிந்தவர்கள் தோட்டத்துத் தொழிலாளர்கள். கொழுந்துக் கூடையை வெயிலில் வைத்தால் இலை வெந்து சிவக்கும் என்பதும், அழுத்தித் திணித்தால் கசங்கிக் கெடும் என்பதும், எடுத்த கொழுந்து அன்றே ஆலை சேரவேண்டும் என்பதும் அவர்களுக்கு நாள்தோறும் பழகிய பாடம்.

துரையின் புட்டியும் தொழிலாளியின் கள்ளும்

இவ்வரலாற்றில் மறக்கலாகாத இன்னொரு பக்கம் உண்டு. பங்களாவுக்குச் சீமைப் புட்டி வந்த காலத்தில், சமவெளித் தோட்டங்களில் தொழிலாளிக்கு அனுமதிக்கப்பட்டது கள். கள் புதுமையின் எல்லைக்கே எடுத்துக்காட்டு. காலையில் இறக்கியது மாலையில் கடுக்கும். மறுநாள் காடியாகத் திரும்பும். அதைப் பெட்டியிலிட்டுக் கப்பலேற்ற எவராலும் இயலவில்லை. புதுமை மட்டுமே மதிப்பைத் தருமானால் கள்ளே மேலாக மதிக்கப்பட்டிருக்க வேண்டும். மாறாக, பழசாகிப்போன ஏல் மதிப்புக்குரியதாகவும், கள் இழிந்ததாகவும் கருதப்பட்டன. ஆக, மதிப்பைத் தீர்மானித்தது நாக்கன்று. யார் கையில் கிண்ணம் இருந்தது என்பதே.

தொழிலாளர் இதனை உணராதிருக்கவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்ற கோரிக்கையும் முன்வைக்கப்பட்டது. துரையைக் கண்டால் மிதிவண்டியைவிட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. கள்ளையும் தாழ்வையும் ஒரே மூச்சில் மறுத்த அத்தொழிலாளரின் தெளிவு வியக்கத்தக்கது. குடி எந்தப் புட்டியில் வந்தாலும் குடும்பத்தைக் குலைக்கும் என்பதைப் பட்டறிந்தவர்கள் அவர்கள். அயல்நாட்டுச் சீட்டு ஒட்டியிருப்பதால் அக்கேடு குறைந்துவிடுவதில்லை.

முடிவுரை

பேல் ஏலின் வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. அன்று கடல் கடந்து வென்ற ஏல், அதற்கெனவே ஆக்கப்பட்டது. இன்று மணத்துக்காகவே காய்ச்சப்படும் பேல் ஏல், பிறந்த ஊரில் சில வாரங்களுக்குள் அருந்தப்படுவதற்கு உரியது. பழைய வெற்றியின் பெயரைச் சூட்டிப் புதிய சரக்கை வெப்ப நாட்டுக்கு அனுப்பும்போது பெயர் வந்து சேர்கிறது. சுவை வழியில் தங்கிவிடுகிறது. காய்ச்சியவனும் குற்றவாளியல்லன், நாக்கும் பொய் சொல்லவில்லை. இடைப்பட்ட தொலைவும் வெப்பமும் காலமும் தம் கூலியை எடுத்துக்கொண்டன. ஆதலால், எந்த நாட்டில் செய்தது என்று கேட்பதற்கு முன் எந்த நாளில் செய்தது, எப்படிக் கொண்டுவரப்பட்டது என்று கேட்பதே அறிவுடைமை. இது பீருக்கு மட்டும் உரிய விதியன்று. மருந்துக்கும் உணவுக்கும் பொருந்தும்.

'சீமை' என்னும் அடைமொழி இன்று பேச்சில் அருகிவிட்டது. ஆயினும், அதை வாழ்வித்த மனப்பான்மை அயல்நாட்டுச் சீட்டுகளின் வடிவில் இன்னும் உலவுகிறது. அதற்கு மாற்று ரிங்லெட் மலைச்சரிவிலேயே இருக்கிறது. காலையில் எடுத்த கொழுந்து ஆலை சென்று, வாடி, உருண்டு, சிவந்து, உலர்ந்து, மறுநாளே தேயிலையாகிறது. கேமரன் மலைத் தேயிலையின் பெரும்பகுதி இந்நாட்டு மக்களின் கிண்ணங்களையே சென்றடைகிறது. அக்கொழுந்து தன் மணத்தைக் கடலுக்குக் கப்பமாகக் கட்ட வேண்டியதில்லை. அதை எடுத்த கைகளுக்குப் பெரும்புகழ் கிட்டவில்லையாயினும், புதுமையின் அருமையை எவரினும் முன்னர் அறிந்த கைகள் அவையே.